கழற்றிப் பூட்டும் நாள்

நாற்பத்தேழு வயதில் ஒருவன் பொறியியல் தொழில்நுட்பப் பட்டப்படிப்பின் கடைசி வருடத்தில் உட்கார்ந்திருக்கிறான் என்றால், ஒன்று அவனுக்குப் படிப்புப் பைத்தியம் இருக்க வேண்டும், இல்லை வேறு போக்கிடம் இல்லாமல் இருக்க வேண்டும். டேரல் லக்பில்லுக்குப் படிப்பு என்றாலே ஆகாது.

வடமேற்கு ஒஹாயோவில், கார் கதவுகளுக்குத் தகடு அடிக்கும் ஆலை ஒன்றில் அவன் பழுது பார்ப்பவன். பிரஸ் இயந்திரம் நின்றுபோனால் ஓட வைப்பது அவன் வேலை. அதில் அவனை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது என்று அந்த ஆலையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஆனால் இருபது வருடத்துக்கு மேல், போல்ட் முடுக்கும்போதெல்லாம் கையை அதிர வைக்கிற ஏர் கன்னைப் பிடித்த கை. விரல்களில் நரம்பு கெட்டுப்போயிருந்தது. குளிர் வந்தால் விரல் நுனிகள் வெளுத்து, மரத்து, அப்புறம் ஊசி குத்துவதுபோல் வலிக்கும். சட்டைப் பொத்தான் போட்டுவிட மனைவி கானி வரவேண்டியிருந்தது.

டாக்டர் பூசி மெழுகவில்லை. "இன்னும் ரெண்டு மூணு வருஷம் இதே வேலை பாத்தீங்கன்னா, கரண்டி பிடிக்கவும் ஆள் தேடணும்" என்றார்.

ஆலையின் மாடியில் உற்பத்திப் பொறியாளர் நாற்காலி ஒன்று காலியாக இருந்தது. மேசை, கணினி, காபி. கையில் பிடிக்க வேண்டியது பேனா மட்டும். மேலாளர் ரிக் வானஸ் டேரலைக் கூப்பிட்டுச் சொன்னார்: "மே மாசம் பட்டத்தோட வா, சீட்டு உனக்கு. ஆனா மேலிடத்துல ஜூனுக்கு மேல காத்திருக்க மாட்டாங்க. வெளியாளைப் போட்டுருவாங்க. அப்புறம் என்னைக் குத்தம் சொல்லாத."

ஆக, இந்தப் பருவம் தேறினால் நாற்காலி. தேறாவிட்டால் மறுபடி பிரஸ், மறுபடி ஏர் கன், கை போகிற வரைக்கும். அந்த வசந்தத்தில் டேரல் இதைத் தவிர வேறெதையும் நினைக்கவில்லை.

கல்லூரியின் கிளை ஊருக்கு வெளியே, சோயா வயலுக்கும் டிராக்டர் கடைக்கும் நடுவில் இருந்தது. வேலை முடித்து மாலையில் போய்ப் போய்ப் படித்ததில் நான்கு வருடப் படிப்பு ஏழு வருடம் இழுத்துவிட்டது. நுண்கணிதத்தில் இரண்டு தடவை மண்ணைக் கவ்வினான். மூன்றாவது தடவை எப்படித் தேறினான் என்று அவனுக்கும் தெரியாது, கணக்கு வாத்தியாருக்கும் தெரியாது. தலைமை வளாகத்தில் வெறும் 'பொறியியல்' படிக்கிற பிள்ளைகள், வாலில் 'தொழில்நுட்பம்' ஒட்டியிருக்கிற இவர்களை ஒரு மாற்றுக் குறைவாகத்தான் பார்ப்பார்கள். டேரல் அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எந்த வாலாக இருந்தால் என்ன, மாடிக்கு ஏற்றிவிட்டால் சரி.

கடைசிப் பாடத்துக்குப் புத்தகம் கிடையாது. இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து ஒரு இயந்திரத்தை யோசித்து, வரைந்து, செய்து, ஓட்டிக் காட்ட வேண்டும். இதுவரைக்கும் டேரலுக்கு வெல்லம். ஆனால் அந்தக் கிளையில் மட்டும் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். ஏப்ரல் கடைசியில் கழற்றிப் பூட்டும் நாள் என்று ஒன்று. அன்றைக்கு உங்கள் இயந்திரத்தை இன்னொரு ஜோடி வந்து அக்கு அக்காகக் கழற்றும். பிறகு நீங்கள் கொடுத்த வரைபடங்களை மட்டும் பார்த்துத் திரும்பப் பூட்டும். நீங்கள் தரையில் போட்டிருக்கிற மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று வேடிக்கை பார்க்க வேண்டும். வாயால் திருத்தம் சொல்லலாம். சொன்னது வரைபடத்தில் ஏறிவிட வேண்டும். கை வைக்கக் கூடாது. வைத்தால் அங்கேயே முடிந்தது கதை.

இதைக் கொண்டுவந்தவர் பேராசிரியர் ஆர்லீன் ஸ்டக்கி. முப்பது வருடம் ஆலைகளில் எண்ணெயும் புகையும் தின்றுவிட்டுப் பாடம் நடத்த வந்த அம்மாள். முதல் வகுப்பிலேயே சொல்லிவிட்டார்: "நீங்க இல்லாத இடத்துலயும் அது ஓடணும். நீங்க பக்கத்துல நின்னாதான் ஓடும்னா அது டிசைன் இல்ல, உங்க வீட்டு நாய்க்குட்டி."

வகுப்பே சிரித்தது. டேரலும் சிரித்தான்.

அவனுக்கு வாய்த்த கூட்டாளி மரிசோல் ட்ரெவினோ. இருபத்திரண்டு வயது. தக்காளி பறிக்க டெக்சஸிலிருந்து வந்து, பருவம் முடிந்தும் திரும்பிப் போகாமல் இங்கேயே வேரூன்றிய குடும்பம். அவளுடைய மாமா மிளகாய் ஊறுகாய் போட்டு ஜாடியில் விற்கிறார். அந்த ஜாடிகளுக்கு மூடி திருகுகிற இயந்திரத்தைத்தான் இருவரும் செய்தார்கள். ஒரு பட்டையில் ஜாடிகள் வரிசையாக வரும், மேலிருந்து மூடி இறங்கும், ஒரு தலை சுழன்று திருகும். இரண்டு டஜன் ஜாடி நிற்காமல் போனால் தேர்ச்சி. மரிசோலுக்கும் டெய்டன் நகரத்தில் வேலை காத்திருந்தது, பட்டத்தோடு வந்தால்.

அவள் வரைவாள், இவன் செய்வான். வேலைப் பிரிவினை அவ்வளவுதான். அவள் வரைவது கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல் இருக்கும். இவன் செய்வதும் அப்படித்தான். இடையில் இருந்த பள்ளம் இரண்டு பேர் கண்ணுக்கும் தெரியவில்லை.

தெரியவில்லை என்று சொன்னால் மரிசோலுக்குச் செய்கிற அநியாயம். அவள் ஒவ்வொரு வாரமும் கேட்டாள்.

"பெரியவரே, இந்த வழிகாட்டிக் கம்பி என் படத்துல நேரா இருக்கு. நெஜத்துலயும் நேராத்தான் இருக்கா?"

"நேராத்தாம்மா இருக்கு."

"தட்டிக் கிட்டி நேராக்குனீங்களா?"

"ஆமா, லேசாத் தட்டுனேன்."

"பாத்தீங்களா, அதச் சொல்லணும்ல. வேற என்ன? கை வச்சதெல்லாம் சொல்லுங்க. பாதர் கிட்ட பாவமன்னிப்பு கேக்கற மாதிரி ஒண்ணு விடாம சொல்லுங்க."

"எங்க சபையில அந்தப் பழக்கமே கெடையாதேம்மா."

"அதான் இப்படி இருக்கீங்க. யோசிங்க."

டேரல் யோசிப்பான். உண்மையாகவே யோசிப்பான். ஒரு போல்டை மாற்றியது, ஒரு ஓட்டையைப் பெரிதாக்கியது, ஸ்பிரிங்கை ஒரு சுற்று வெட்டியது என்று ஒவ்வொன்றாகச் சொல்வான். அவள் படத்தைத் திருத்துவாள். "அவ்வளவுதானா?" என்பாள். "அவ்வளவுதான்" என்பான். பொய் சொல்லவில்லை. மனதறிந்து ஒன்றையும் அவன் மறைக்கவில்லை. இயந்திரமும் நாள் தவறாமல் ஓடியது, ஜாடிக்கு மேல் ஜாடியாக மூடிக்கொண்டு. அவன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான்.

கழற்றிப் பூட்டும் நாளான அந்த வெள்ளிக்கிழமை பட்டறையில் நல்ல கூட்டம். இவர்கள் இயந்திரத்தைக் கழற்ற வந்தவன் கோல்ட்டன் என்கிற பண்ணைக்காரப் பையன், கூட ஒரு கூட்டாளி. வம்பில்லாத பிள்ளைகள். நிதானமாகத்தான் கழற்றினார்கள். மோட்டாரை அதன் பீடத்திலிருந்து தூக்கியபோது, சிவப்புத் தகட்டுத் துண்டு ஒன்று தரையில் விழுந்தது. சோடா டின்னிலிருந்து கத்தரித்தது.

கோல்ட்டன் அதைக் குனிந்து எடுத்தான். "இது படத்துல இல்லையே?"

"அது எங்களோடது இல்ல" என்றான் டேரல்.

சொல்லி முடிப்பதற்குள் அது யாருடையது என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. பட்டறையில் அந்தச் சோடாவைக் குடிக்கிற ஆள் அவன் ஒருவன்தான். மோட்டார் ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் காலுக்கு அடியில் ஒரு தகட்டைச் செருகுவது ஆலையில் மூச்சு விடுவது மாதிரி. அதை எவன் ஞாபகம் வைத்துக்கொள்வான்?

மரிசோல் அவனையே பார்த்தாள். "எந்தக் காலுக்கு அடியில?"

"பின்னாடி... எடது காலு."

"நிச்சயமா?"

"அப்படித்தான் இருக்கும்."

அவள் படத்தில் ஏற்றினாள். ஸ்டக்கி அம்மாள் சரி என்று தலையாட்டினார். விதிப்படி இன்னும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

திருகு தலையைக் கழற்றியபோது இன்னொரு துண்டு விழுந்தது. அப்புறம் பட்டையை இழுக்கிற உருளைக்குப் பக்கத்தில் இன்னும் ஒன்று, பாதியாக மடித்தது. பக்கத்து மேசைக்காரர்கள் எட்டிப் பார்க்க ஆரம்பித்தார்கள். "பெரியவர் ஒரு பெட்டி சோடாவையே உள்ள வச்சிருக்காரு போல" என்று யாரோ ஒருவன் சொன்னான். கோல்ட்டனுக்கே சிரிப்பு வந்தது. மரிசோல் சிரிக்காமல், டேரல் குத்துமதிப்பாகச் சொன்ன இடங்களைப் படத்தில் ஏற்றினாள்.

பூட்டி முடித்து ஓட்டினார்கள். இரண்டு ஜாடி ஒழுங்காகப் போனது. மூன்றாவதில் மூடி ஒருக்களித்து உட்கார்ந்து, தலை அதைக் கடித்துக்கொண்டு நின்றுவிட்டது.

டேரல் கோட்டுக்குப் பின்னால் நின்று சொன்னான்: "தம்பி, அந்த முன்பக்கத்து போல்ட்ட கொஞ்சம் இறுக்கு."

"கொஞ்சம்னா எவ்வளவு?"

"கொஞ்சம்னா... கொஞ்சம்."

"எண்ணாச் சொல்லுங்க" என்றாள் மரிசோல், பல்லைக் கடித்துக்கொண்டு. "படத்துல 'கொஞ்சம்'னு எழுத முடியாது."

"கால் சுத்து."

கோல்ட்டன் கால் சுற்று இறுக்கினான். முதல் ஜாடியிலேயே நின்றது. "அரை சுத்து விடு" என்றான் டேரல். விட்டான். மூடி தெறித்துப் போய் விழுந்தது. "எல்லா போல்ட்டையும் லூசா விட்டு, தலைய ரெண்டு தட்டுத் தட்டி, அப்புறமா குறுக்கு குறுக்கா இறுக்கு." அதையும் செய்தான். நான்கு ஜாடி போயிற்று, ஐந்தாவது மாட்டிக்கொண்டது. சொல்லச் சொல்ல மரிசோல் எழுதிக்கொண்டே இருந்தாள். அவள் அழகான வரைபடம் முழுக்க அம்புக்குறியும் அடித்தலும் திருத்தலுமாகி, பார்க்கச் சகிக்காமல் போயிற்று.

அவன் வாயில் வந்த எண்களுக்கு அர்த்தமே இல்லை. அவை அவனுக்குள் எப்போதும் இருந்ததில்லை. கேட்டார்களே என்று அங்கேயே உண்டாக்கிக் கொடுத்தான். தான் இத்தனை நாள் அறிந்து செய்ததாக நினைத்த வேலையில் தனக்கு ஒன்றுமே தெரியாது என்பது, அத்தனை பேர் முன்னால், அந்தக் கோட்டில் நின்றபோது அவனுக்கு உறைத்தது.

ஐந்து மணிக்குப் பட்டறையை மூடுவார்கள். மற்ற மேசைகளில் எல்லாம் முடிந்து, ஆட்கள் குளிர்ச்சட்டையை மாட்டிக்கொண்டு இங்கே வந்து நின்றார்கள். கோல்ட்டன் வியர்த்து விறுவிறுத்து, திருகு தலையைப் பிடித்துக்கொண்டு, "இன்னொரு தடவ சொல்லுங்க சார், செய்யறேன்" என்றான். ரெஞ்சைத் தப்பான இடத்தில் மாட்டியிருந்தான். டேரல் அதைப் பார்த்தான்.

எப்போது கோட்டைத் தாண்டினான் என்று டேரலுக்கே தெரியாது. ஒரு உள்ளங்கை இயந்திரத்தின் முதுகில் இருந்தது. மற்றக் கை கோல்ட்டனிடமிருந்து ரெஞ்சை வாங்கியிருந்தது. இங்கே ஒரு நெம்பு, அங்கே ஒரு தட்டு, எதையோ தளர்த்தி எதையோ இறுக்கினான். சுவிட்சைப் போட்டான். ஜாடிகள் வந்தன, மூடிகள் இறங்கின, தலை சுழன்றது. ஒன்று, அடுத்தது, அதற்கடுத்தது. இரண்டு டஜனும் போய் மேசைக் கோடியில் வரிசையாக நின்றன. பின்னால் யாரோ ஒருவன் கைதட்டினான். பிறகு பக்கத்திலிருந்தவன் அவனை இடித்திருக்க வேண்டும், நிறுத்திக்கொண்டான்.

"டேரல்" என்றார் ஸ்டக்கி அம்மாள், மெதுவாக. "கோடு."

அவன் குனிந்து பார்த்தான். கோடு அவன் முதுகுக்குப் பின்னால் இருந்தது.

மரிசோல் பென்சிலைக் கீழே வைத்தாள்.

ஸ்டக்கி அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கறாரான மனுஷிதான், ஆனால் கல் அல்ல. ஏழு வருடமாக இவன் படுகிற பாட்டை அவரும் பார்த்திருக்கிறார். "விதிப்படி முடிஞ்சுபோச்சு" என்றார். "இருந்தாலும் ஒண்ணு செய்வோம். இப்ப என்ன செஞ்சீங்களோ அத அப்படியே சொல்லுங்க. மரிசோல் எழுதட்டும். கோல்ட்டன் எல்லாத்தையும் தளர்த்திட்டு, நீங்க சொன்னபடி பூட்டட்டும். ஓடுச்சுன்னா, நீங்க கோட்டத் தாண்டுனத நான் பாக்கல."

எல்லோரும் அவனுக்காகத்தான் நின்றார்கள், அது அவனுக்கும் தெரிந்தது. மரிசோல் பென்சிலைத் திரும்ப எடுத்தாள். "நிதானமா" என்றாள். "அவசரமே இல்ல. மொதல்ல எங்க கை வச்சீங்க?"

டேரல் இயந்திரத்தைப் பார்த்தான். இப்போதுதான், ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, இந்தக் கைதான் செய்தது. முதலில் நெம்பினானா, தட்டினானா? எந்த போல்டு? கண்ணை மூடிப் பார்த்தான். விரல்கள் மரத்துக் கிடந்தன. பட்டறையில் குளிர் வேறு.

"ஏதாவது சொல்லுங்க" என்று மரிசோல் குரலைத் தாழ்த்திக் கெஞ்சினாள். "டேரல், ப்ளீஸ், எதையாவது சொல்லுங்க."

சொன்னான். பின் இடது போல்ட் கால் சுற்று என்றான், தலையை இடது பக்கம் ஒரு தட்டு என்றான், முன்னால் இரண்டையும் சமமாக என்றான். கோல்ட்டன் ஒரு எழுத்துப் பிசகாமல் அப்படியே செய்தான். அந்தப் பையன் மேல் ஒரு தப்பும் சொல்ல முடியாது. சுவிட்சைப் போட்டான். முதல் ஜாடியிலேயே மூடி ஒருக்களித்துக் கடித்துக்கொண்டது. மோட்டார் உறுமியது. கோல்ட்டன் அணைத்தான்.

"எனக்குத் தெரியல மேடம்" என்றான் டேரல். "என்ன செஞ்சேன்னு எனக்குத் தெரியல."

"ம்" என்றார் ஸ்டக்கி அம்மாள். "இலையுதிர் பருவத்துல திரும்ப எடுக்கலாம். ரெண்டு பேருமே." அதைச் சொல்லும்போது அவர் மரிசோலைப் பார்க்கவில்லை.

பட்டறைக்கு வெளியே, வண்டிகள் நிற்கிற இடத்தில், மரிசோல் கத்தியிருந்தால் டேரலுக்குத் தேவலையாக இருந்திருக்கும். அவள் கத்தவில்லை. அழுது முடித்த முகத்தோடு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றாள்.

"நான் கேட்டேனே" என்றாள். "ஒவ்வொரு வாரமும் கேட்டேனே."

"ஆமாம்மா, நீ கேட்ட."

"அவ்வளவுதானான்னு கேட்டேன். அவ்வளவுதான்னு சொன்னீங்க."

"தெரிஞ்சே சொல்லலம்மா. நெஜமாத்தான் சொல்றேன்."

"தெரியும்" என்றாள். "அதான் உங்கள திட்டக்கூட முடியல." சொல்லிவிட்டு அவள் தன் காரைப் பார்த்து நடந்தாள். டெய்டன்காரர்கள் இலையுதிர் காலம் வரைக்கும் காத்திருக்கப் போவதில்லை. அதை அவள் சொல்லவில்லை, சொல்லவேண்டிய அவசியமும் இல்லை. தன்னோடு போகிற கஷ்டம் என்றால் டேரல் எப்படியாவது விழுங்கியிருப்பான். அந்தப் பெண்ணின் வாழ்க்கையிலும் மண்ணைப் போட்டதை விழுங்க முடியவில்லை.

பிக்கப் வண்டியில் ஏறி உட்கார்ந்து, வெகுநேரம் சாவியைத் திருப்பாமல் இருந்தான். கானியிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்தான். போன் அடித்தது. கானி என்று நினைத்து எடுத்தான். ரிக் வானஸ்.

"டேரலு, எங்கய்யா இருக்க? நாலாவது பிரஸ் மத்தியானத்துல இருந்து படுத்துருச்சு. ரெண்டு பேரு மாத்தி மாத்திப் பாத்துட்டானுங்க, பிடி கெடைக்கல. வந்துட்டுப் போயேன்."

"ரிக், நான் ஃபெயில் ஆயிட்டேன்."

டேரலே தொடர்ந்து சொன்னான்:

"இன்னைக்குத்தான் அந்தக் கழட்டிப் பூட்டற சமாச்சாரம். ஊத்திக்கிச்சு. மே மாசம் பட்டம் வராது."

"அடடா" என்றார் ரிக். குரலில் வருத்தம் இருந்தது, இல்லை என்று சொல்ல முடியாது. "சே. பாவம்யா நீ. எவ்வளவு கஷ்டப்பட்ட." பிறகு கொஞ்சம் இழுத்து, "உண்மையச் சொல்லட்டா? தப்பா எடுத்துக்காத. நீ மாடிக்குப் போயிட்டா கீழ என்ன பண்றதுன்னு எனக்கு இத்தனை நாளும் வயித்துல புளியக் கரைச்சுக்கிட்டே இருந்துது. மேல உக்கார ஆயிரம் பேரு கெடைப்பான். உன் கை யாருக்குய்யா இருக்கு?"

டேரல் ஸ்டீயரிங் மேல் கிடந்த தன் கையைப் பார்த்தான். வாழ்நாளில் எந்த மனிதனையும் வெறுக்காதவன் அந்தக் கையை அப்போது வெறுத்தான்.

"வர்றியா?" என்றார் ரிக்.

"வர்றேன்" என்றான் டேரல்.

வண்டியைக் கிளப்பி ஆலைப் பக்கம் திருப்பினான். நாலாவது பிரஸ்ஸை அவன் ஓட வைத்துவிடுவான். பக்கத்தில் நிற்கிறவர்கள் முதுகில் தட்டுவார்கள். திங்கட்கிழமையும் வரச் சொல்வார்கள்.